சீதனத்துக்குக் கேட்ட ரீவி கேம்

நான் கேட்டது தையல் மெசின். கரண்டில் ஓடுகிற, மேசையில் வைத்துத் தைக்கிற மெசின். சவூதியில் வேலை செய்த என் கணவர் ஒவ்வொரு கடிதத்திலும் ஓம், ஓம் என்று எழுதினார். லீவில் வந்து சூட்கேஸைத் திறந்தால் உள்ளே கிடந்தது கறுப்பாய் ஒரு தட்டைப் பெட்டி, வயர் தொங்கும் இரண்டு கைப்பிடிகள், ஒரு பை நிறையக் கசெட்டுகள்.

“இது என்ன சாமான்?”

“ரீவி கேம். ரீவியில பூட்டி விளையாடுற. ஒரு கசெட்டில ஒரு ஆட்டம் இரிக்கும். நான் வேல செய்யிற அரபி வீட்டுப் புள்ளயள் இதவிட்டு எழும்பாதுகள்.”

“நான் என்ன அரபி வீட்டுப் புள்ளயா? நாலு சட்ட தைச்சுக் குடுத்துப் பொழைப்பமெண்டு மெசின் கேட்டா, விளையாட்டுச் சாமான் கொண்டு வந்திரிக்கீங்களே, ஒங்களுக்கே நல்லா இரிக்கா?”

அந்த லீவு முழுக்க நான் அவருக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் திரும்பிப் போனார், பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறியது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனையில் ரீவி உள்ள வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன என்றாலும் கடலுக்குப் போகும் எங்கள் ஒழுங்கையில் இப்படி ஒரு சாமானை யாரும் கண்டதில்லை. அந்தப் பெட்டிதான் இரண்டு வீட்டு அடுப்பை எரித்தது என்று இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கும்தான் சிரித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குரிய சீதனம். எனக்குக் கலியாணம் நடந்தபோது வாப்பாவும் உம்மாவும் இருந்த வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கம் சின்னதாய் ஒரு வீடு கட்டிப் போனார்கள். தங்கச்சிக்கு அந்த வீடு என்று பேச்சு. வேறு ஊர்களில் புதுப்பெண் அந்நிய வீட்டில் முழித்துக்கொண்டு நிற்பாளாம். எங்கள் ஊரில் முழிப்பது புதுமாப்பிள்ளை.

பாவம், அவர் பாடு சொல்லி முடியாது. கலியாணம் முடிந்த முதல் நாட்களில் பள்ளிக்குத் தவிர வெளியே இறங்கித் திரியக் கூடாது. திரிந்தால், பெண் வீட்டில் மாப்பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று கதை கட்டிவிடுவார்கள். அறைக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். விடிந்ததிலிருந்து வட்டிலப்பமும் கோழியும் தட்டுத் தட்டாய் வந்துகொண்டேயிருக்கும். மச்சான்மார் எட்டிப் பார்த்து “என்ன மச்சான்” என்பார்கள். அவரும் “என்ன மச்சான்” என்பார். அதோடு சரி. பெண்ணோ அதுவரைக்கும் அவர் முகத்தையே நேரே பார்த்திருக்க மாட்டாள். சாப்பிடுகிறதும் வியர்க்கிறதும்தான் மனிசனுக்கு வேலை.

பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் வந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் வியர்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் உம்மா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

“மகள், ஒங்கட மாப்பிள கொண்டு வந்த அந்த விளையாட்டுச் சாமானக் கொஞ்சம் தாங்களன். எங்கட மருமகன் செவரப் பாத்துட்டே இரிக்காரு. எனக்குப் பயமாக் கிடக்கு.”

கொண்டு போனேன். ரீவிக்குப் பின்னால் அன்ரனா வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் வயரைச் செருக வேண்டும். படத்தில் பெய்கிற மழை நிற்கும் வரைக்கும் குமிழைத் திருக வேண்டும். அதெல்லாம் வீட்டில் கோபத்தோடு கோபமாய்ப் பழகியிருந்தேன். சொல்லிக் கொடுப்பதில்தான் சிக்கல். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “இப்படிப் பிடிங்க, அப்படிச் சுடுங்க” என்று எங்கள் ஊரில் எந்தப் பெண் சொல்லிக் கொடுப்பாள்? மாப்பிள்ளை அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, கையில் மருதோன்றி மாறாத அந்தப் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு அவள் சொல்லிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவள் தன் கணவனிடம் வாய் திறந்து சொன்ன முதல் சொல் “சுடுங்க” என்பதுதான். குசினியில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். “சுடுங்க, சுடுங்க! ஐயோ, செத்துப் பெய்த்தீங்க!” கலியாண வீட்டில் இந்தச் சொல்லைக் கேட்டுப் பெண்ணின் உம்மா நெஞ்சில் கையை வைத்தாராம். பிறகு அறைக்குள்ளிருந்து இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டதாம். குரவை போடாத குறைதான்.

அதற்குப் பிறகு என்ன, கதை ஒழுங்கையைத் தாண்டி ஓடியது. கலியாணத்துக்குக் கதிரை, மேசை, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சஹன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எங்கள் வீட்டுப் படலையையும் தட்டத் தொடங்கினார்கள். மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று பெட்டி போகாத ஊர் இல்லை. துணைக்கு வாப்பா வருவார். கலியாண வீட்டு முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஊரடங்குச் சட்டம் போட்டால் பெட்டி போன வீட்டிலேயே தங்கிவிடும், அந்த வீட்டுக்கு அது நல்ல காலம். இறக்காமத்துக்கு அப்பால் வரிப்பத்தான்சேனையில் கரண்ட் இல்லாத ஒரு வீட்டிலும் நடத்திக் காட்டினோம். சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று, ஒரு உழவு மெசின் பேட்டரி, ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் பிடித்துத் தந்த வயர். வயலில் யானைக்கு வெடி வைக்கிற சத்தம் கேட்டால் மாப்பிள்ளை கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே பார்ப்பார். “நீங்க இங்க சுடுங்க, அத அவங்க பாத்துக்குவாங்க” என்று அந்தப் பெண் சொன்னாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதில் என்னை விடக் கெட்டிக்காரி தங்கச்சி. எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கை வேகம். வரவர அவளே பாதி வீடுகளுக்குப் போய் வந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சவூதியில் என் கணவர் வேலை செய்த இடத்தில் சம்பளம் நின்றது. தருகிறோம், தருகிறோம் என்று இழுத்தார்கள். வாப்பாவுக்கும் வயலில் இறங்க உடம்பு கேட்கவில்லை. முன்வீட்டிலும் பின்வீட்டிலும் உலை வைத்தது அந்தக் கறுப்புப் பெட்டிதான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. பெட்டி போகாத கிழமையில் எங்கள் சட்டிக்குள் மீனும் போகவில்லை.

பசாரில் ரேடியோவும் ரீவியும் விற்கிற முதலாளி ஒருவர் இருந்தார். குமிழ் ஒன்று கழன்றுவிட்டது என்று நானும் வாப்பாவும் அவருடைய கடைக்குப் போனோம். அவர் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“மகள், குறையா நினைக்காதீங்க, இந்த யாவாரம் முடிஞ்சி. அமெரிக்காவில கடக்காரனுகள் இந்தக் கசெட்ட வித்துக்க ஏலாமக் குப்பையில கொட்டுறானுகளாம். கொழும்பில இறக்குமதி செய்யிற ஆக்களே சொல்றாங்க. வாற வருசம் இத ஒரு சனமும் திரும்பிப் பாக்காது. என்னட்டத் தந்துட்டு ஒரு தையல் மெசின எடுத்துட்டுப் போங்க.”

வாப்பாவின் கண் அப்படியே மலர்ந்துவிட்டது. கடையின் மூலையில் அந்த மெசின் பளபளவென்று நின்றது. எனக்கு ஆத்திரம் வந்தது. முன்பு நான் அழுது கேட்டபோது கிடைக்காத மெசின், இப்போது எனக்கு இரக்கப்படுகிறதாம்!

“அவன் ஏன் கொட்டுறான் முதலாளி? ஒரே ஆட்டத்தப் பேர மாத்தி மாத்திப் போட்டு வித்திரிப்பான். சனம் ஏமாந்திரிக்கும். நாளைக்கு நீங்க ஓடாத ரேடியோவ வித்தா சனம் ரேடியோவ விடுமா, ஒங்கட கடைய விடுமா?”

“நீங்க அமெரிக்காவுக்குப் பெய்த்து வந்தீங்களா?”

“நான் கலியாண வீட்டுக்குப் பெய்த்து வாறன். விளையாடுறவன எனக்குத் தெரியும். ஒங்களுக்கு விக்கிறவன மட்டும்தான் தெரியும்.”

வாப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நின்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். ஒரு மாப்பிள்ளையும் என்னிடம் இதைவிட நல்ல பெட்டி இருக்கிறதா என்று கேட்டதில்லை. வேறு கசெட் இருக்கிறதா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பெட்டி ஒரு தரம் வாங்குகிற சாமான். ஆட்டம் திரும்பத் திரும்பக் கேட்கிற சாமான். நாளைக்கு இதைவிட நல்ல பெட்டி வரும், அதைவிடத் திறமான பெட்டி பிறகு வரும், பழையதெல்லாம் பரணில் ஏறும். ஆனாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடப் பழகிய சனம் அதை விடாது. ஆட்டம் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் இந்த வியாபாரத்தில் நிமிர்ந்து நிற்பான். இதைத்தான் சொன்னேன். முதலாளி தன் வேலையாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். இன்றைக்குக் கோட்டுப் போட்ட மனிதர்கள் ரீவியில் வந்து இதையே பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள். நான் தலையில் முக்காட்டோடு ஒரு ரேடியோக் கடை வாசலில் நின்று சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது!

சொன்னதைச் செய்தும் காட்டினேன். சவூதி, குவைத் போய் வந்த வீடுகளைத் தேடிப் போய்க் கசெட்டுக்குக் கசெட் மாற்றினேன். ஒரு கிழமை அவர்களுடையது என்னிடம், என்னுடையது அவர்களிடம். புது ஆட்டம் வந்திருக்கிறது என்றால், பழைய மாப்பிள்ளைமார் கூட மாமியைக் கொண்டு சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் எனக்குக் கேடு அமெரிக்காவில் இருந்து வரவில்லை. எங்கள் ஊர்ச் சீதனத்தில் இருந்து வந்தது. வீடு, வளவு, வயல், கைக்கூலிக் காசு, மோட்டார் சைக்கிள் என்று நீண்டுகொண்டு போன வரிசையில் ரீவி கேமும் வந்து குந்திக்கொண்டது. அங்கே கேட்டார்களாம், இங்கே கேட்டார்களாம் என்று காதில் விழ விழ எனக்கு வயிறு எரிந்தது. சீதனமாகப் போகிற சாமானை எங்கள் ஊரில் யார் பாவிக்கிறார்கள்? கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். பூட்டி வைத்தவன் புதுக் கசெட் தேட மாட்டான், வாடகைக்கும் வர மாட்டான். இந்த வியாபாரத்தைக் கொல்ல வேறு ஒருத்தரும் வேண்டாம், நாங்களே போதும்.

அப்படியிருக்க, தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம், நல்ல குணம் என்றார்கள். வாப்பா பின்வீட்டைக் கொடுப்பதாகச் சொன்னார், வயலில் ஒரு துண்டும் சொன்னார். பேச வந்த மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த ரீவி கேமும் புள்ளைக்குத்தானே?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. “எந்தப் புள்ளைக்கு மாமி?”

“எங்கட புள்ளைக்குத்தான். ஊருப்பட்ட மாப்பிளமாருக்கெல்லாம் குடுக்கிறீங்க. சொந்த மாப்பிளைக்குக் குடுக்க மாட்டீங்களா?”

வாப்பா என் முகத்தைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். அவர்கள் போனதும் நான் வெடித்தேன்.

“வாப்பா, அது என்ட சாமான். அதக் குடுத்தா நாளைக்கு எத வெச்சு உல வெப்பம்?”

“சத்தம் போடாத மகள். மாப்பிள வந்து இரிக்கப் போறது இந்த வளவுலதானே? பெட்டியும் இந்த வளவுலதானே கிடக்கும்? பேருக்குக் குடுப்பம்.”

உம்மா அழுதார். “ஒண்ட பெட்டிக்காக என்ட புள்ள குமரா இரிக்கணுமா?” என்று கேட்டார். அது தைத்தது. நான் மனம் கல்லாய்ப் போனவள் இல்லை. தங்கச்சியின் வாழ்வு ஒரு பக்கம், எல்லாருடைய சோறும் ஒரு பக்கம் என்று இழுத்துக் கட்டிவிட்டார்களே என்றுதான் ஆத்திரம். வாப்பா சொல்வதும் சரிதானோ, பெட்டி வளவை விட்டுப் போகாவிட்டால் நான் வாடகைக்கு விட்டுக்கொண்டே இருக்கலாமே என்று, மாமியிடமே நேரே போய்க் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

“அதெப்பிடி மகள்? அது எங்கட வீட்டுக்கு வரணும். எங்கட சின்ன மகன் ஆசப்பட்டுக் கேக்கிறான். மாப்பிளயத்தான் ஒங்களுக்குத் தாறமே, அதுக்கு நாங்க ஒண்டும் எடுக்கக் கூடாதா?”

அப்படியென்றால் பெட்டி மாப்பிள்ளைக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. மாப்பிள்ளையின் விலை! வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கசெட்டுகளின் தூசியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள். அந்த “ம்” எனக்குப் பிடிபடவில்லை.

நாள் குறிக்க வெற்றிலை வட்டாவோடு அவர்கள் வந்தார்கள். ஆண்கள் வெளி விறாந்தையில், பெண்கள் உள்ளே ஹோலில். வாப்பா மார்க்கம் படித்த ஒரு லெப்பையையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று உம்மா என்னிடம் கெஞ்சியிருந்தார். மாமி வட்டாவை நடுவில் வைத்துவிட்டு, சீதனத்தை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டியிடம் வந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அறைத் திரையை விலக்கிக்கொண்டு தங்கச்சி வந்து நின்றாள். சீதனம் பேசுகிற இடத்துக்குப் பெண் வருவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம்.

“மாமி, எல்லாம் சொன்னீங்க. மஹரச் சொல்லல்லியே?”

மாமி திடுக்கிட்டார். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. மார்க்கத்தில் சொல்லியிருப்பது அதுதான், சீதனம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் சீதனத்தை வாரக்கணக்கில் பேசுவார்கள், மஹரைக் காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதுகிற நேரம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள்.

“அது வழக்கமா எழுதுறதத்தான் எழுதுவம் புள்ள. நீ உள்ளுக்குப் போ.”

“இல்ல மாமி. மஹரப் பொண்ணுதானே கேக்கணும்? எனக்கு ரீவி கேம் ஒண்டு தாங்க. புதுசு. கைப்பிடி ரெண்டும், கசெட்டும் இரிக்கணும்.”

மாமியோடு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குமர்ப்பிள்ளை வாய் திறந்து மஹர் கேட்கிறதா, உலகம் முடிகிற கியாமத்து நாள் வந்துவிட்டதா என்றார்கள். சத்தம் விறாந்தைக்குப் போனது. மாமி அங்கே இருந்த லெப்பையைப் பார்த்துக் கேட்டார், இப்படியும் கேட்க முடியுமா என்று. அவர் நெளிந்தார். தொண்டையைச் செருமினார்.

“கேக்கிறது பொண்ணுட உரிம. பெறுமதியான எதுவும் மஹராகும். அதில தட இல்ல.”

மாமி எழும்பினார். வட்டாவை எடுத்துக்கொண்டார். படலையைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்து, “ஒண்ட வளப்புத்தானே” என்றார். “ஓம் மாமி, என்ட வளப்புத்தான்” என்றேன். பயம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இனி எந்த வீட்டார் இந்தப் படலைக்குள் வருவார்கள்? ஆனால் வெட்கம் வரவில்லை. உம்மா பாயில் குப்புறப் படுத்துவிட்டார். தங்கச்சி பெட்டியை உறையில் போட்டுக்கொண்டு, சொல்லி வைத்திருந்த கலியாண வீட்டுக்கு வாப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாதங்கள் ஓடின. நிந்தவூரில் இருந்து ஒரு பெண்ணின் காக்கா, அவளுடைய அண்ணன், வந்து பெட்டி வாடகைக்குக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ரீவி கேம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்களாம். வாங்கிக் கொடுக்கத் தங்களுக்கு வக்கில்லையாம். மாப்பிள்ளை புதிதாய் இருக்கிற நாட்களுக்காவது வைத்துச் சமாளிக்கலாம் என்று வந்திருந்தார். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். சொன்னார். அவரேதான். அதே அரசாங்க உத்தியோகம், அதே மாமி.

“இல்ல காக்கா, பெட்டி பழுது” என்றேன். அவர் முகம் விழுந்தது.

உள்ளே இருந்து தங்கச்சியின் குரல் வந்தது. “பழுதில்ல காக்கா. நீங்க போங்க, நான் கொண்டு வாறன்.”

எனக்கு வந்த கோபத்தில், அவளைப் பிடித்து உலுக்கினேன். “ஒனக்கு ரோசம் இல்லியா? அந்த மனிசி மொகத்தில முழிக்கப் போறியா?”

“யாவாரம் எண்டா யாவாரந்தான் ராத்தா. அந்தப் பொண்ணு நமக்கு என்ன செஞ்சாள்?”

போனாள். அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னம் வாப்பாவோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, காலைக் கழுவினாள். நான் பொறுக்க முடியாமல் குசினி வாசலில் போய் நின்றேன்.

“சொல்லிக் குடுத்தியா அந்தப் புள்ளைக்கு?”

“குடுத்தன். கெட்டிக்காரி, டக்கெண்டு புடிச்சிட்டாள். ஒண்ட மஹர் என்ன எண்டு கேட்டன் ராத்தா. தெரியாதாம். என்னவோ எழுதினாங்களாம், கைக்கு ஒண்டும் வரல்லியாம்.”

“அதுக்கு நீ என்ன செஞ்ச?”

“பெட்டிய ரீவியில பூட்டிட்டன். கைப்பிடி ரெண்டையும் அவள்ட கையில குடுத்தன். மஹரக் கொண்டந்து ஒண்ட கையில வெச்சாத்தான் மாப்பிளைக்குக் கைப்பிடி ஒண்டக் குடுக்கணும் எண்டு சொல்லிட்டு வந்திரிக்கன்.”